கன்றின் மேல் ஏற்றியவை

அறுபத்து மூன்று, மே மாதம்.
மேட்டுப்பாளையத்து பஸ்
கோத்தகிரியில் என்னை இறக்கிவிட்டபோது
நான் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மண்டிக்காரர் மூட்டையைக் கீழே போட்டார்.
தபால்கார செபஸ்தியான் மட்டும் கிட்டே வந்து
என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்.
தந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்:
காணவில்லை. இறந்ததாகக் கருதப்படுகிறது.
முதல் வாக்கியத்தை ஹட்டியில் யாரும் ஏற்கவில்லை,
மலையில் பிறந்தவன் மலையில் காணாமல் போவானா என்று.
ஆகவே இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள்.

உடல் இல்லாத கட்டிலில்
என் கல்லூரிக் கோட்டைக் கிடத்தி
இரு கைகளையும் மார்பில் மடித்து வைத்து
சுற்றி நின்றதாம் சனம்.
பெரியப்பா மகன் தருமன்
என் பாவங்களைச் சொன்னானாம்,
எல்லாச் சாவுக்கும் சொல்வதுபோல், வரிசையாக:
ஓடும் தண்ணீரைத் திருப்பியது,
பசித்து வந்தவனுக்குக் கதவை அடைத்தது,
பறவைக் கூட்டைக் கலைத்தது.
ஒவ்வொன்றுக்கும் ஊர் சொன்னதாம், அது பாவம்.
அத்தனையையும் ஓர் எருமைக் கன்றின் மேல் ஏற்றி
சோலைப் பக்கம் விரட்டிவிட்டார்கள்.

"கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கிறாய்"
என்று சிரித்தாள் மாதி.
சிரித்துக்கொண்டே அழுதாள்.

நவம்பரில், பெயர் தெரியாத ஒரு கணவாயில்,
தோட்டா தீர்ந்தபின் கை தூக்கினோம், பதினோரு பேர்.
பருத்திச் சட்டை. கான்வாஸ் ஷூ.
ஹவில்தார் மாசானம், ராதாபுரத்துக்காரர்,
பனையைவிட உயரமான எதிலும் ஏறியிராதவர்,
என் தோளைப் பிடித்து நான்கு நாள் நடந்தார்.
கால்விரல்கள் சுட்ட கத்தரிக்காயாய்க் கறுத்துவிட்டன.
ஐந்தாம் நாள் பாதை பிரியும் இடத்தில்
சிப்பாய்கள் இடது, அதிகாரிகள் வலது என்றார்கள்.
"ஸ்டாரப் பிச்சுப் போடுங்க சார்.
யாருக்குத் தெரியப்போவுது."
தோளுக்கு மூன்று.
நூல் நைந்திருந்தது, இழுத்தால் வந்திருக்கும்.
வலது பக்கக் குடிசையின் கூரையில்
புகை வந்துகொண்டிருந்தது.

இடது பாதை எங்கே போனதென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை.
யாரும் அடிக்கவில்லை. முள்ளங்கியும் சோறும்.
மாதம் ஒரு கடிதம் எழுதலாம், எழுதினேன்,
ஒன்றும் வந்து சேரவில்லை என்கிறாள் மாதி.
விசாரித்தவனிடம்
பெயர், பதவி, எண்.
திரும்பி வந்தபின் நம்மவர்கள் விசாரித்தார்கள்,
தேநீர் கொடுத்து, கதவைச் சாத்தி.
அவர்களிடமும் அதையேதான்
சுற்றிச் சுற்றிச் சொன்னேன்.

ஆகஸ்டில் ராதாபுரத்திலிருந்து ஒரு படிவம்.
அடியில் ஊதா மையில் பெருவிரல் ரேகை.
பென்ஷனுக்கு ஓர் அதிகாரியின் பதில் வேண்டுமாம்:
மரணத்தை நேரில் கண்டீர்களா?
உருளைக்கிழங்கு தோண்டிய கையைத் துடைத்துக்கொண்டு
ஆம் என்று எழுதினேன்.
என் மடியில், என்றும் எழுதினேன்.
அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

கன்று வளர்ந்துவிட்டது.
அதை யாரும் கட்டுவதில்லை, கறப்பதில்லை.
தேயிலைக்கு மேலே, சோலை விளிம்பில்,
உறைந்த புல்லைக் குளம்பால் உடைத்து மேய்கிறது.
ஜனவரி விடியலில் உப்போடு போனேன்.
இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் கொண்டுபோ
என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பெயர் வந்தது. பதவி வந்தது.
எண்ணின் கடைசி இலக்கத்தில் நின்றுவிட்டேன்.

சுடச்சுட நாக்கு.
உப்பை மட்டும் எடுத்துக்கொண்டது.